தலைகுந்தாவில் வெடித்த குழாய், டொராண்டோவில் பிளந்த தொட்டி

கேள்வி: ஐயா, வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்து வெள்ளாமை செய்துவருகிறேன். என் மகன் கனடாவில், டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் சொந்த வீடு வாங்கியிருக்கிறான். நம் வீட்டு மழைநீர்த் தொட்டியைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அங்கேயும் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் காய்கறிச் செடிகளுக்கு விட 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பின்வாசலில் வைத்தான். ஏப்ரலில் பனி உருகியதும் பார்த்தால், அடிக்குழாயின் பித்தளை வால்வு வெடித்து, தொட்டியின் அடியிலும் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. இப்போது 5000 லிட்டரில் புதிதாக வைக்கிறேன், மண்ணுக்குள் புதைத்துவிடலாமா என்று கேட்கிறான். இன்னொன்று: ஊட்டி தலைகுந்தாவில் எங்களுக்குச் சின்ன வீடு ஒன்று உண்டு. அங்கே ஸ்டாண்டின்மேல் 2000 லிட்டர் தொட்டி இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் அரை இஞ்சுக் குழாய் எங்காவது ஓரிடத்தில் விட்டுவிடுகிறது. தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் கட்டினால் போதும் என்கிறார் பிளம்பர். உப்புப் போடுங்கள் என்கிறார் சம்பந்தி. காருக்கு ஊற்றும் கூலன்ட்டைக் கொஞ்சம் கலந்தால் உறையாது என்கிறார் மாப்பிள்ளை. எதைச் செய்வது?

பதில்: ஐயா, வணக்கம். தங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகளில் இரண்டை இன்றே விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். காருக்கு ஊற்றும் கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் இருக்கும். அது நஞ்சு, அதிலும் இனிப்பான நஞ்சு. தொட்டியடியில் சொட்டிக் கிடப்பதை ஒரு நாய் நக்கினாலும் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போகலாம். மாப்பிள்ளை சொன்னதைத் தட்டுவது நம் பக்கத்தில் அவ்வளவு எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஒன்றில் தயவு பார்க்க வேண்டாம். உப்பைப் பொறுத்தவரை, நீரில் பத்து விழுக்காடு கரைத்தாலும் உறைநிலை ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரிக்குத்தான் இறங்கும். தங்கள் தலைகுந்தா தொட்டிக்கு அதற்கே இரண்டு குவிண்டாலுக்கு மேல் உப்பு வேண்டும். அதன்பின் அந்தத் தண்ணீர் ஊறுகாய்க்கு ஆகுமே தவிர உருளைக்கிழங்குக்கு ஆகாது. வால்வும் மோட்டாரும் துருப்பிடித்துப் போவது தனி.

தெர்மாகோல் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று பார்ப்பதற்கு முன், இரண்டு வீட்டுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் யாருக்குத் தொட்டி அமைத்துக் கொடுத்தாலும் முதலில் கேட்பது, எந்த மாதத்தில் இந்தத் தண்ணீர் உங்களுக்கு வேண்டும் என்பதுதான். தலைகுந்தாவில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிட்டால், கோடைமழை எட்டிப் பார்க்கும் வரை தொட்டியில் இருப்பதுதான் கைத்தண்ணீர். உறைபனி விழுவதும் அதே மாதங்களில்தான். ஆகவே அங்கே தண்ணீரை வைத்துக்கொண்டே குளிரைக் கடக்க வேண்டும். டொராண்டோ பக்கத்தில் கதை நேர்மாறானது. அங்கே மழையும் பனியுமாக ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமமாகப் பெய்கிறது. குளிர்காலத்தில் தங்கள் மகனின் காய்கறிப் பாத்தியில் ஒரு புல்கூட முளைக்கப் போவதில்லை. ஏப்ரல் பிறந்து ஒரு நல்ல மழை பெய்தால் 1000 லிட்டர் மறுபடியும் நிரம்பிவிடும். 100 சதுர மீட்டர் கூரையில் 13 மில்லிமீட்டர் மழை விழுந்தால், வழியில் சிந்திச் சிதறியது போக, அந்தத் தொட்டிக்குப் போதும். அப்படியிருக்க, நவம்பர் முதல் மார்ச் வரை யாருக்கும் வேண்டாத தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைத்ததுதான் அவர் செய்த பிழை.

இப்போது தொட்டி எப்படிப் பிளந்தது என்பதைப் பார்ப்போம். மற்ற திரவங்கள் பெரும்பாலும் ஆற ஆறச் சுருங்கிக்கொண்டே போகும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸ் வரைதான் சுருங்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடியும் விரியத் தொடங்கி, இலேசாகி, மேலே மிதக்கும். அதனால்தான் பனிக்கட்டி எப்போதும் மேல்மட்டத்தில் முதலில் பிடிக்கிறது. உறைந்து கட்டியாகும்போது கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. 1000 லிட்டர் தண்ணீர் 1090 லிட்டர் இடம் கேட்கிறது. தொட்டி நிறைய நீர் இருந்தால், மேலே மூடிபோலப் பனி பிடித்து, பக்கச் சுவரோடு ஒட்டி, உள்ளே இருக்கும் மிச்சத் தண்ணீரைச் சிறைப்படுத்திவிடும். தரையோடு ஒட்டிய அடிப்பகுதி கடைசியாக உறையும். போக இடமில்லாத அந்தக் கடைசித் தண்ணீர் விரியும்போது, தொட்டியின் எந்தத் தையல் மெலிவாக இருக்கிறதோ அங்கே கிழித்துக்கொண்டு வெளியே வரும். மகன் வீட்டுத் தொட்டி அடியில் பிளந்திருப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். டிசம்பரிலேயே கிழிந்திருந்தாலும் பனிக்கட்டியே அடைப்பாக நின்றிருக்கும். உருகிய பிறகுதான் ஒழுகியிருக்கும்.

அவருடைய பித்தளை வால்வு அதற்கும் முன்பே, முதல் கடுங்குளிர் இரவுகளிலேயே போயிருக்கும். காரணம் அளவுதான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 0 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிலோவைப் பனிக்கட்டியாக்க 334 கிலோஜூல் எடுக்க வேண்டும். அதாவது 80 டிகிரிக்குக் காய்ச்சிய குளியல் தண்ணீரைப் பனிக்குளிருக்கு ஆற்றும் அளவு வெப்பம், உறைவதற்கு மட்டும் தனியாகப் போக வேண்டும். ஆகவே 1000 லிட்டர் தண்ணீர் கெட்டியாக உறைவது சும்மா நடக்கும் காரியமல்ல: உறை எதுவும் இல்லாத தொட்டியாக இருந்தாலும், மைனஸ் 10 டிகிரி இரவுபகலாகத் தொடர்ந்து நின்றால்தான் பத்துப் பதினைந்து நாளில் அது முடியும். டொராண்டோ பக்கத்தில் ஜனவரி மாதச் சராசரியே சுழியத்துக்குக் கீழே இருப்பதால், சில இரவுகள் மைனஸ் 20 வரைகூடப் போவதால், அது முடிந்துவிடுகிறது. ஆனால் வால்வுக்குள் இருப்பது ஒரு மடக்குத் தண்ணீர். அதற்கு ஒரே இரவு போதும்.

இந்தக் கணக்கைத் தலைகுந்தாவுக்குக் கொண்டுவந்தால், தங்கள் தொட்டி ஏன் இத்தனை ஆண்டுகளாக உடையவில்லை, குழாய் ஏன் ஒவ்வோர் ஆண்டும் உடைகிறது என்பது விளங்கிவிடும். 2000 லிட்டர் தொட்டியின் மேற்பரப்பு ஏறத்தாழ 9 சதுர மீட்டர். உள்ளே தண்ணீர் 10 டிகிரியிலும் வெளிக்காற்று 0 டிகிரியிலும் பத்து மணி நேரம் இருந்தால், தண்ணீர் மூன்று நான்கு டிகிரிதான் இறங்கும். விடிந்ததும் வெயில் வந்து, பகலில் அதை மீட்டுக் கொடுத்துவிடும். ஊட்டியில் இரவு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பகல் கருணை காட்டிவிடுகிறது. டொராண்டோவில் அந்தக் கருணை கிடையாது. ஆனால் அரை இஞ்சுக் குழாயில் ஒரு மீட்டருக்கு இருப்பது ஏறத்தாழ 180 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர். அது 8 டிகிரியிலிருந்து சுழியத்துக்கு இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. நள்ளிரவில் எல்லோரும் குழாயை மூடிவிட்டுப் படுத்தபின், அசையாமல் நிற்கும் அந்தத் தண்ணீர்தான் உறைகிறது.

குழாய் வெடிக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். பனி பிடித்த இடத்தில்தான் வெடிக்கும் என்று பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. பனி ஓரிடத்தில் அடைப்பாகப் பிடித்து, மூடிய குழாய்வாய்ப் பக்கமாக வளரும்போது, அடைப்புக்கும் குழாய்வாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்கப்படுகிறது. தண்ணீரை நெருக்க முடியாது. ஆகவே அழுத்தம் ஏறிக்கொண்டே போய், அந்தத் துண்டில் எது மெலிவோ அது விட்டுவிடுகிறது. தங்கள் பிளம்பர் ஒவ்வோர் ஆண்டும் உடைந்த இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போவதால்தான் அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் உடைகிறது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஊட்டிக்கு அருகில் ஒரு வீட்டில் நாற்பது அடிக் குழாயையும் மெனக்கெட்டுச் சுற்றிவிட்டு, சுவர்மூலையில் திரும்பும் ஓர் எல்போவை மட்டும், உறை அங்கே மடங்காது என்று, அப்படியே விட்டுவிட்டு வந்தேன். ஜனவரியில் அந்த எல்போதான் பிளந்தது. வீட்டுக்காரர் திட்டவில்லை, உடைந்த எல்போவை என் கையில் கொடுத்து, "இதுக்கு மட்டும் சொட்டர் போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

தலைகுந்தா போன்ற பள்ளங்களில் உறைபனி கூடுதலாக விழுவதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் திறந்தவெளியில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிக்கொண்டே இருக்கும். தலை உயரத்தில் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல்தரையில் வெள்ளை படிந்திருப்பது இதனால்தான். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூடல் செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கூரையாக நிற்கிறது. தங்கள் தொட்டிக்கும் குழாய்க்கும் இதே விதிதான். குழாயை வெட்டவெளியில் கொண்டுவராமல் கூரையிறப்புக்கு அடியில், வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு, தொட்டியின் அடி நிப்பிளை ஒட்டியே ஒரு பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று மூடும் வால்வு) வையுங்கள். அதற்கு அடுத்தாற்போல் மேல்நோக்கி ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, அதிலிருந்து ஒரு குழாயை மேலேற்றி, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் வாய் திறந்திருக்கும்படி நிறுத்துங்கள். காற்று புகுவதற்கு அது போதும். அங்கிருந்து வீடுவரை குழாய் எங்கும் தொய்யாமல் ஒரே சரிவாக இறங்க வேண்டும். மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாய். மாலையில் மேல் வால்வை மூடி, கீழ் வடிகுழாயைத் திறந்தால், மேலிருந்து காற்று புகுந்து, நடுவே இருக்கும் சில லிட்டர் தண்ணீரும் ஒரு வாளிக்குள் வந்துவிடும். வெறும் குழாயில் உறைய ஒன்றும் இல்லை. காலையில் கீழே மூடி மேலே திறக்க வேண்டும். இரவில் கழிவறைக்கு இரண்டு வாளித் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் ஆள் இல்லாத நாட்களில் மேல் வால்வு மூடியும் கீழ் வடிகுழாய் திறந்துமே இருக்கட்டும். தாங்கள் ஜனவரியில் போய்த் தங்குவதே பத்து நாள் என்றால், உடைவது பெரும்பாலும் தாங்கள் கோபியில் இருக்கும் இரவுகளில்தான்.

இப்படி வடிக்க வசதிப்படாவிட்டால், கடைசிக் குழாயை மெல்லிய நூல்போல ஒழுக விட்டு ஒரு டிரம்மில் பிடிக்கலாம். மணிக்கு ஐந்து லிட்டர் ஒழுகினால், தொட்டியிலிருந்து வரும் 8 டிகிரித் தண்ணீர் கொண்டுவரும் வெப்பமே பத்து மீட்டர்க் குழாயைக் காப்பாற்றிவிடும். ஓர் இரவுக்கு நாற்பது லிட்டர், அதுவும் வீணாவதில்லை. கூடவே, ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரை உறை இருக்கிறதே, அதை வாங்கி முழு நீளத்துக்கும் மாட்டுங்கள். எல்போவிலும் டீயிலும் துண்டு வெட்டி ஒட்டி, மேலே வெயில் படாமல் அலுமினிய டேப் சுற்றுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் நார் மலிவு என்று அதைச் சுற்றுகிறவர்களும் உண்டு. காய்ந்திருக்கும் வரை நல்ல பொருள்தான், ஆனால் நீர்ப்பனியில் நனைந்துவிட்டால் ஈரத்துணியைப் போர்த்திய கதைதான். புதிதாகக் குழாய் மாற்றுவதாக இருந்தால் வெள்ளை பி.வி.சி.யைவிடக் கறுப்பு எச்.டி.பி.இ. குழாய் நல்லது, பி.வி.சி. குளிரில் நொறுங்கும் தன்மை அடைகிறது, எச்.டி.பி.இ. சற்று விரிந்து கொடுக்கும்.

தெர்மாகோலை இங்கே தொட்டிக்குச் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பது என் முடிவு. கறுப்புத் தொட்டியாக இருந்தால் பகல் வெயிலை வாங்கிக்கொள்ளும். அதை மூடி மறைத்தால் அந்த வரவும் போய்விடும். எலிக்குக் கூடு கட்ட இடம் கிடைத்ததுதான் மிச்சமாக இருக்கும்.

ஒருவேளை குழாய் உறைந்துவிட்டால், முதலில் மேல் வால்வை மூடிவிட்டு, குழாய்வாயைத் திறந்துவைத்து, அந்த முனையிலிருந்து தொட்டிப் பக்கமாக வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். நடுவில் சூடேற்றினால் உருகிய தண்ணீர் இரண்டு அடைப்புகளுக்கு இடையே மாட்டிக்கொள்ளும். காகிதத்தைக் கொளுத்திக் காட்டுவது வேண்டாம்.

இனி மகன் வீடு. 5000 லிட்டரை மண்ணில் புதைப்பது குறித்து அவர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. மார்கழி விடியலில் தங்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதையும், வாய்க்காலில் ஆவி பறப்பதையும் அவர் சிறுவயதிலேயே பார்த்திருப்பார். ஆழ மண்ணுக்குக் கோடையும் குளிரும் மெதுவாகத்தான் போய்ச் சேரும். டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் நிலம் உறையும் ஆழத்தை ஏறத்தாழ 1.2 மீட்டர் என்று கொண்டு, வீட்டு அடித்தளத்தை அதற்குக் குறையாமல் இறக்குவார்கள். குடிநீர்க் குழாய் அதற்கும் கீழே போகும். ஆகவே தொட்டியின் உச்சியும் அதில் சேரும் எல்லாக் குழாய்களும் அந்த ஆழத்துக்குக் கீழே இருந்தால் தொட்டி உறையாது. அவ்வளவு தோண்ட முடியாவிட்டால், தொட்டிக்கு மேலே மண்ணுக்குள் கெட்டி நுரைப்பலகைகளைத் தொட்டியின் விளிம்பைத் தாண்டிப் படுக்கையாக விரிப்பதுண்டு; ஓர் இஞ்சுப் பலகை ஒரு அடி மண்ணுக்குச் சமம் என்பது வேலைக்காரர்களின் கைக்கணக்கு. ஆள் இறங்கும் வாய்க்கு உள்மூடி ஒன்று, வெளிமூடி ஒன்று, நடுவே நுரை. அந்த இடத்தின்மேல் விழும் பனியை வாரிக் கொட்டக் கூடாது. உதிரிப் பனியே நல்ல கம்பளி. கார் ஓடி மிதித்து இறுகிய தடத்துக்கு அடியில் நிலம் கூடுதல் ஆழத்துக்கு உறையும் என்பதால், வண்டி நிற்கும் பக்கம் தொட்டி வேண்டாம். இன்னொரு சங்கடம், பனி உருகும் காலத்தில் மண் ஊறியிருக்கும்போது காலியான தொட்டி படகுபோல மேலே கிளம்பப் பார்க்கும்; கான்கிரீட் தளத்தில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும்.

இவ்வளவு செலவும் எதற்காக? காய்கறிக்கு மட்டும் என்றால் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. குளிர்காலத்தில் கழிவறைக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் எண்ணினால், நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் நாளுக்கு ஐந்து முறை, முறைக்கு ஆறு லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 120 லிட்டர். 5000 லிட்டர் நாற்பது நாளில் தீர்ந்துபோகும். டிசம்பர் முதல் மார்ச் வரை நூற்று இருபது நாள். கூரைமேல் விழுவது பனியாக அங்கேயே தங்கிவிடுகிற காலம் அது; இடையிடையே மழையும் உருகலும் உண்டென்றாலும் அதை நம்பித் திட்டம் போட முடியாது. அதோடு, மழைநீர்க் குழாயை வீட்டுக் குழாய்களோடு சேர்ப்பதென்றால், அது குடிநீரோடு கலக்க வழியே இல்லாத அமைப்பும் நகராட்சிக் கட்டட அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாமெல்லாம் பிளம்பரை அழைத்து அவசர அவசரமாகக் குழாய் இறக்கியதுபோல அங்கே செய்துவிட முடியாது.

ஆகவே நான் சொல்வது, தரைக்கு மேலே 1000 லிட்டர் தொட்டி ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் குளிர் இறங்குமுன் காலி செய்துவிடுவதுதான். அக்டோபர் கடைசி வாரத்தில் அரை நாள் வேலை. முதலில் கூரைநீர் தொட்டிக்கு வரும் வழியைத் திருப்பி, அடித்தளத்தை விட்டு விலகி ஓடும்படி வெளியே விட வேண்டும். இதைச் செய்யாமல் தொட்டியை மட்டும் காலி செய்தால், நவம்பர் மழையில் மறுபடியும் நிரம்பி நிற்கும். முதல் மழையின் அழுக்குநீரைத் தேக்கிவைக்கும் நிமிர்ந்த குழாய் இருந்தால், அதன் அடிமூடியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். தொட்டியை வடித்தபின் அடியில் தேங்கும் நாலு விரல் தண்ணீரையும் சாய்த்துக் கொட்டி, மேல்மூடியைப் பூட்டி, மழை புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாசனத்துக்கு மாட்டிய ரப்பர்க் குழாயைக் கழற்றிக் கொண்டுபோய் உள்ளே வைக்க வேண்டும். மோட்டார் இருந்தால் அதன் வயிற்றில் உள்ள தண்ணீரையும் வடிகால் திருகைத் திறந்து வெளியேற்றிவிட்டு, வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். கோவை மோட்டாரோ கனடா மோட்டாரோ, வார்ப்பிரும்புக்குள் நீர் உறைந்தால் தப்பாது.

அந்தப் பித்தளை வால்வுக்கு வருவோம், ஏனென்றால் காலி செய்த தொட்டியில்கூட இது வெடிக்கும். பால் வால்வுக்குள்ளே நடுவில் துளையிட்ட ஓர் உருண்டை இருக்கிறது. கைப்பிடியைத் திருப்பி மூடும்போது, துளைக்குள்ளும் உருண்டைக்கும் வால்வின் வெளிக்கூட்டுக்கும் இடையிலும் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் இரண்டு பக்கமும் வாஷரால் அடைபட்டு உள்ளேயே நின்றுவிடும். முழுக்கத் திறந்து வைத்தாலும் துளை நீர் போகுமே தவிர, உருண்டையைச் சுற்றி நிற்பது போகாது. தொட்டியை வடித்ததும் கைப்பிடியைப் பாதியில், சாய்வாக நிறுத்திவைத்தால் இரண்டு இடத்துத் தண்ணீரும் வழிந்துவிடும். மே மாதம் வரை அது அப்படியே பாதியில் நிற்கட்டும். உடைந்த வால்வை மகன் இன்னும் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், விரிசல் உருண்டையின் வயிற்றுப் பகுதியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் நடந்தது இதுதான்.

குளிரிலும் கொஞ்சம் தண்ணீர் வெளியே வேண்டும், கோழி வளர்க்கிறார் அல்லது வேறு தேவை இருக்கிறது என்றால்தான் சூடேற்றும் பேச்சு. தெர்மாகோலின் உண்மைப் பாதி இங்கேதான் வருகிறது. உறை எதுவும் வெப்பத்தை உண்டாக்காது. இருப்பது வெளியேறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இரவும் பகலும் சுழியத்துக்குக் கீழேயே நிற்கும் ஊரில் வெறும் உறை நாட்களைத் தள்ளிப்போடும், காப்பாற்றாது. ஆனால் உறையும் சிறு சூடும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடுகிறது: மைனஸ் 10 டிகிரியில் வெறும் 1000 லிட்டர் தொட்டியை உறையாமல் வைக்க ஏறத்தாழ 400 வாட், அதாவது நாளுக்குப் பத்து யூனிட் வேண்டும், அடி, பக்கம், மேல் என்று இடைவெளி விடாமல் 5 சென்டிமீட்டர் நுரைப்பலகை சுற்றினால் இடுக்குகளில் போவதையும் சேர்த்து 100 வாட்டுக்குள் அடங்கும். கால்நடைத் தொட்டிகளுக்கென்றே வெப்பநிலை பார்த்துத் தானே அணையும் ஹீட்டர்கள் அங்கே கிடைக்கின்றன. அவற்றையும், குழாய்க்குச் சுற்றும் சூட்டுக் கேபிளையும், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாகத்தான் இணைக்க வேண்டும். கேபிளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றக் கூடாது. நம் வீடுகளில் வாளியில் போடும் ஹீட்டர் ராடைப் பெட்டியில் வைத்து அனுப்பும் எண்ணம் யாருக்காவது இருந்தால், வேண்டாம். குமிழி விடும் கருவியைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அடியிலுள்ள 4 டிகிரித் தண்ணீரை மேலே கொண்டுவந்து பனி பிடிக்காமல் தடுக்கும் அந்த உத்தி ஆழமான குளத்துக்குச் சரி. நாலடித் தொட்டியில் அடியில் சேமிப்பே இல்லை, கலக்கக் கலக்க மொத்தமும் சீக்கிரம் குளிர்ந்துபோகும். இவை எல்லாவற்றையும்விட எளிது, வீட்டின் கீழ்த்தளத்தில் இடமிருந்தால் சிறு தொட்டி ஒன்றை அங்கே வைப்பது. 1000 லிட்டர் ஒரு டன் எடை என்பதால் கான்கிரீட் தரையின்மேல்தான் வைக்க வேண்டும்.

பிளந்த தொட்டியை என்ன செய்வது என்று தாங்கள் கேட்கவில்லை, ஆனால் மகன் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எண்ணுகிறேன். பாலிதீனில் சாதாரணப் பசை எதுவும் நிலைத்துப் பிடிக்காது. சூட்டுக்காற்றால் உருக்கி ஒட்டலாம். பக்கச் சுவரில் என்றால் அதை ஏற்பேன், ஒரு டன் எடை நிற்கும் அடிப்பலகையில் வேண்டாம். மேல்பாதியை அறுத்து எடுத்துவிட்டு, கீழ்ப்பாதியில் குப்பையும் இலையும் போட்டு மக்க வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு முழப் பிளவு இருப்பது, அதிகத் தண்ணீர் வடிந்து போக அந்த வேலைக்கு வேண்டியதுதான்.